படுகளத்து மண்

சித்திரை முதல் ஆடி வரை விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் பாரதம் என்னும் கோயில் திருவிழா நடக்கும். திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறியதும் பிற்பகல்களில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவானால் தெருக்கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று கதை நகர்ந்துகொண்டே போக, முடிவுநாள் நெருங்கும்போது கோயில் வெளியில் மண் வந்து இறங்கும். அதே ஊரின் ஏரியிலும் வயலிலும் கிடந்த மண்தான்.

அதைக் குழைத்து, வானம் பார்த்து மல்லாந்து கிடக்கும் துரியோதனனை உருவாக்குவார்கள். பல ஊர்களில் இது குயவர்களின் உரிமை. மார்பு, தோள், முறுக்கிய மீசை, கிரீடம் எல்லாம் எழும்பும்; வண்ணம் பூசியதும் விழி திறந்துகொள்ளும். ஒரு வீட்டையே மறைக்கும் அளவுக்கு நீண்டு கிடப்பான். தொடையில் சிவப்பு நீரை ஒளித்து வைப்பார்கள்.

முந்தின இரவு முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிய கூத்தர்கள், காலையில் அரிதாரம் கலைக்காமல், மண் உடல் கிடக்கும் படுகளத்துக்கு வருவார்கள். இதுவரை விளக்கொளியில் நடந்த கூத்து இப்போது வெயிலுக்கு வந்துவிடுகிறது. வேடம் கட்டிய துரியோதனன் மண் உடலைச் சுற்றி ஓடுவான், அதன்மேல் ஏறி நின்று அறைகூவுவான். பீமன் துரத்துவான். கண்ணன் தொடையைத் தட்டிக் காட்ட, கதாயுதம் இறங்கும். சிவப்பு பீறிடும். துகில் உரிந்த சபையில் அவிழ்ந்த கூந்தலை அந்தச் சிவப்பைத் தொட்டு முடிப்பாள் திரௌபதி. பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். பகைவனாயினும் அவன் பிணத்துக்கு அழ ஆள் வேண்டும் என்பது நம் ஊர்களின் அறம். மாலையில் தீமிதி.

மண்ணின் பயணம் அத்தோடு முடிவதில்லை. விழுந்த உடலிலிருந்து ஆளுக்கொரு பிடி எடுத்துப் போகிறார்கள். விளைச்சல் பெருகும், வீடு செழிக்கும் என்ற நம்பிக்கையில் சிலர் நெற்குதிரில் போடுகிறார்கள், சிலர் வயலில் தூவுகிறார்கள். எஞ்சியதை மழை கரைத்துவிடும். அடுத்த பாரதத்துக்குப் புதிதாக மண் வெட்ட வேண்டும்.

செஞ்சிப் பகுதியில் பல காலம் ஆய்வு செய்த அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இலும் 1991-இலும் திரௌபதி வழிபாடு பற்றி இரண்டு பெரும் தொகுதிகள் வெளியிட்டார். உலகம் படிக்கும் அளவுக்குக் கனமான நாடகம் இந்தப் பாரதம். இதில் பார்வையாளர் என்று தனியே ஒரு கூட்டம் கிடையாது. மண் கொடுப்பவரும் குழைப்பவரும் அழுபவரும் தீ மிதிப்பவரும் சேர்ந்துதான் நாடகம்.

ஆகவே கூத்தைக் காப்பது என்றால் நகரத்து அரங்கில் ஒரு மணி நேரம் ஆடவைத்துக் கைதட்டுவது மட்டும் போதாது. துரியோதனன் படுப்பதற்கு இடம் வேண்டும். பாரதம் நடக்கும் ஊர்க்காரர்களே, உங்கள் படுகள வெளியில் கடையும் மண்டபமும் எழ விடாதீர்கள். அந்த வெளி போனால் பதினெட்டாம் போரை எங்கே முடிப்பது?