கல்லறையில் ஒரு பெயரும், திரும்பி வந்த நீர்நாய்களும்

 

கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் மருமகன் ஒரு கேம்பர் டிரெய்லர் வாடகைக்கு எடுத்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிறது. கடற்கரை ஓரமாக ஐந்து நாள் வடக்கே போனோம். பேத்திக்கு விலங்குகள் பார்க்க ஆசை. எனக்குப் பழைய மிஷன்கள் பார்க்க ஆசை.

மிஷன் என்றால் வெறும் தேவாலயம் இல்லை. ஸ்பெயினின் ஆட்சி பரவியபோது, பிரான்சிஸ்கன் துறவிகள் 1769 முதல் 1823 வரை சான் டியகோவிலிருந்து சொனோமா வரை 21 மிஷன்களை அமைத்தார்கள். ஆலயம், வயல், தொழுவம், நெசவுக்கூடம் எல்லாம் சேர்ந்தது ஒரு மிஷன். அங்கே உழைத்தவர்கள் அந்த மண்ணின் பழங்குடி மக்கள். ஞானஸ்நானம் பெற்றபின் அனுமதி இல்லாமல் வெளியேற முடியாது. ஓடிப்போனால் பிடித்து வந்து சவுக்கடி. ஐரோப்பியரோடு வந்த தட்டம்மை போன்ற நோய்களிலும் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள்.

1786-ல் தொடங்கிய சாந்தா பார்பரா மிஷனின் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 4,000 சுமாஷ் மக்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்களாம். அவர்கள் பெயர்களைத் தேடினேன். சுவரில் ஒரு பெண்ணுக்கு மட்டும் பலகை இருந்தது: ஹுவானா மரியா. அவர் சுமாஷ் பெண் அல்ல. கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள சான் நிக்கோலஸ் தீவைச் சேர்ந்தவர்.

அந்தத் தீவின் கதை ரோமத்தில் தொடங்குகிறது. கடல் நீர்நாயின் தோலுக்குச் சீனாவில் பெரிய விலை. வேட்டைக்கு வந்தவர்கள் தீவு மக்களில் பலரைக் கொன்றார்கள். மிஞ்சியவர்களை 1835-ல் கப்பலில் கரைக்குக் கொண்டுவந்தபோது இவர் மட்டும் தீவில் தங்கிவிட்டார். 18 ஆண்டுகள் தன்னந்தனியாக வாழ்ந்தார். 1853-ல் கண்டுபிடித்துக் கரைக்கு அழைத்து வந்தார்கள். ஏழே வாரத்தில் இறந்துபோனார். ஹுவானா மரியா என்பது கரையில் வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மறுநாள் மோரோ பே. பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மாச்சி, அங்கே பாருங்க!" கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தன. ஒன்று நெஞ்சின் மேல் கல்லை வைத்துச் சிப்பியை உடைத்துத் தின்றது. இந்த இனம் கலிபோர்னியாவில் அழிந்தே போனதாக நினைத்திருந்தார்களாம். 1938-ல் பிக் சர் கடலோரத்தில் சுமார் 50 நீர்நாய்கள் தென்பட்டன. சட்டம் காத்தது, இன்று சுமார் 3,000 இருக்கின்றன. 1987-ல் சில நீர்நாய்களைச் சான் நிக்கோலஸ் தீவிலேயே கொண்டுபோய் விட்டார்கள். நீர்நாய் திரும்பிவிட்டது. சுமாஷ் வம்சத்தாரும் இன்று அந்தப் பகுதியில் வாழ்கிறார்கள். அந்தப் பெண்ணின் ஊர் மட்டும் திரும்பவில்லை.

அன்றிரவு டிரெய்லரில் தூக்கம் வரவில்லை. பல வருடம் முன்பு ஏழாம் வகுப்பில், "இந்தக் கோயிலைக் கட்டியது யார்?" என்று கேட்டேன். எல்லோரும் ராஜாவின் பெயரைச் சொன்னார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "கல் சுமந்தவங்க பேரு என்ன டீச்சர்?" என்றான். "பாடத்துல இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்றேன்.

தம்பி, இதை நீ படித்தால் சொல்கிறேன்: அன்று கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவன் நீ ஒருவன்தான். உன்னை உட்காரச் சொன்னது என் தவறு. உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், அப்படிக் கேட்கும் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்