ஐ.பி.எஸ். உணவுமுறை: கொல்கத்தா

குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலேயே வயிற்றுவலி, உப்புசம், பேதி, மலச்சிக்கல் என்று மாறி மாறிப் படுத்தும் கோளாறு ஐ.பி.எஸ். இதற்கான உணவுமுறைகளில் அதிகம் ஆராயப்பட்டது, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த 'லோ ஃபாட்மேப்'. குடலில் உறிஞ்சப்படாமல் நொதித்து வாயுவாகும் சர்க்கரைகளை 2 முதல் 6 வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கொல்கத்தா வீடுகளில் வயிறு கெட்டால் வைக்கும் 'பாத்லா ஜோல்' இதற்கு வியப்பூட்டும் அளவு நெருக்கம். அத்தகைய சர்க்கரைகள் மிகுந்த வெங்காயம், பூண்டு கிடையாது. இஞ்சி, சீரகம், மஞ்சள் போட்ட நீர்த்த குழம்பில் வாழைக்காயும் ஷிங்கி அல்லது மாகுர் மீனும் வேகும். அதோடு சாப்பிடக் குழைந்த சோறு. பெருங்காயம் சேர்ப்பவர்கள் கவனிக்க: கடைப்பொடியில் பெரும்பாலும், விலக்க வேண்டிய கோதுமை மாவு கலந்திருக்கும். தொல்லை தெருவில்தான்: மைதா லூச்சி, கடலை சேர்த்த புச்கா, பால் இனிப்புகள். வயிற்றுக்கோளாறுக்கு வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ரே தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் ஓமநீர் அந்த ஊரில் பிரபலம்; ஆனால் அது உணவுமுறைக்கு மாற்று அல்ல.

விலக்கும் கட்டத்தை உணவியல் நிபுணரின் துணையோடு தொடங்குங்கள், மாதக்கணக்கில் நீட்டாதீர்கள். மலத்தில் இரத்தமோ காரணமில்லாத எடைக்குறைவோ தெரிந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.