காலன் வளர்த்த கோழி

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்துக்கு டெக்னோபார்க் என்னும் ஐ.டி. பூங்கா 1990-இல் வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே கேரளத்துத் தென்னந்தோப்புகளில் இரவு வேலை பார்க்கும் ஒருவர் உண்டு: காலன்கோழி. நடுங்கும் குரலில் அது ‘பூவா...’ என்று இழுத்தால், மலையாளக் காதுக்குப் ‘போகலாமா’ என்று கேட்கும். அழைப்பது யமன், யாரை என்பதுதான் கேள்வி. பெயர்தான் கோழி, ஆள் ஆந்தை. பகலெல்லாம் மாமரத்து இலை அடர்த்தியில் தூங்கிவிட்டு இரவில் எலி பிடிக்கும்.

யமனுக்குத் தூது போகும் இந்த உத்தியோகம் ஆந்தைக்கு மட்டும் வாய்த்ததல்ல. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், வீட்டுக்குள் வந்த புறாவைக் கண்டு அஞ்சும் பாடல் ஒன்று இருக்கிறது. அதில் யமனின் தூதன் என்ற சந்தேகம் புறாமேல் விழுகிறது. ஆந்தையின் அலறல் பின்னால்தான் வருகிறது. புறா தப்பித்துவிட்டது. 1949-இல் பிக்காசோவின் கைவண்ணத்தில் பாரிஸ் சமாதான மாநாட்டுச் சுவரொட்டியிலேயே ஏறிவிட்டது. ஆந்தை மாட்டிக்கொண்டது.

எல்லா ஊரிலும் மாட்டவில்லை. ஏதென்ஸில் அது அதீனா தேவியின் பறவை. வெள்ளிக்காசில் அச்சான முகம். அந்தக் காசுக்கு இருந்த மதிப்பைப் பார்த்து எகிப்திலும் தென் அரேபியாவிலும் அதே ஆந்தையைப் போலியாக அடித்தார்கள். சாம்பிராணி வியாபாரிகளின் பையில் ஆந்தை என்றால் பணம்.

ரோமில் கதை தலைகீழ். கி.பி. 43-இல் கோட்டான் ஒன்று கேபிடல் கோயிலின் உள்ளறைக்குள் புகுந்துவிட, நகரம் முழுவதற்கும் தீட்டுக் கழித்தார்கள் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். அந்த நூற்றாண்டில் கேரளக் கரையின் முசிறியில் ரோமப் பொன் இறங்கி மிளகு ஏறிக்கொண்டிருந்தது. ஆந்தைப் பயமும் அதே கப்பலில் வந்திறங்கியதோ என்று தோன்றும். அப்படிச் சொல்ல இடமில்லை. புறநானூற்றுப் புலவர் ஒருவருக்கு, இடுகாட்டு மரப்பொந்திலிருந்து குரல்கொடுக்கும் கூகையைப் பாடியதாலேயே கூகைக்கோழியார் என்று பெயர். கேரளத்தார் காலனுக்குக் கோழி கொடுத்ததற்கு எவ்வளவோ முன்பே, தமிழ் கூகையைக் கோழியாக்கிவிட்டது. கடல் தாண்டி மாயர்களின் போபோல் வூ நூலிலும் பாதாள உலகின் தூதர்கள் ஆந்தைகளே. அங்கே எந்த மிளகுக் கப்பலும் போகவில்லை.

அப்படியானால் சரக்கு எங்கிருந்து வந்தது? எனக்குப் பிடித்த விளக்கம் விளக்குதான். மின்சாரம் வராத ஊரில் ராத்திரி முழுக்க ஒரு வீட்டில் விளக்கு எரிகிறதென்றால், பெரும்பாலும் அங்கே யாரோ சாகக் கிடக்கிறார்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சின்ன ஆந்தை வரும். தூங்காமல் உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்கள் அதன் குரலைக் கேட்பார்கள். விடிந்தால் சாவு. நோயாளி பிழைத்தால் ஆந்தையை யார் நினைவில் வைக்கப்போகிறார்கள்? சுடுகாட்டுப் பக்கத்துப் பழைய மரங்களை யாரும் வெட்டாததால் பொந்துகளும் அங்கேதான் மிச்சம், அதுவும் சேர்ந்துகொண்டது. இதற்குக் கணக்குவழக்கும் போட்டார்கள் நம்மவர்கள்: ஒருமுறை அலறினால் சாவு, இருமுறை என்றால் நினைத்த காரியம் கைகூடும், மூன்று என்றால் பெண் வந்து சேர்வாள். இரண்டாவது அலறலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பிறகு ஒரு விபத்து. ரத்தம் குடிக்கும் இரவுப் பறவையாக ரோமானியர்கள் அஞ்சியது ‘ஸ்ட்ரிக்ஸ்’. லின்னேயஸ் 1758-இல் அந்தப் பெயரை ஆந்தைப் பேரினம் ஒன்றுக்குச் சூட்டினார். 1839-இல் லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியிலிருந்து கிடைத்த புள்ளிபோட்ட ஆந்தை ஒன்றை விவரித்தார். இன்று அதன் அறிவியல் பெயர் ஸ்ட்ரிக்ஸ் ஒசெல்லாட்டா. அதுதான் காலன்கோழி. ரோமின் ரத்தக்காட்டேரியும் கேரளத்து யமதூதனும் ஒரே உடம்பில் வந்து உட்கார்ந்தது, இரண்டையும் நம்பாத விஞ்ஞானிகளின் கைங்கரியம்.

வங்காளத்தில் ஆந்தை லட்சுமியின் வாகனம், மங்களகரமானது. ஆனால் வாகனமாக இருப்பதில் சுகம் அதிகமில்லை. இந்தியாவின் 30 வகை ஆந்தைகளில் 15 கள்ளச்சந்தையில் விலைபோவதாக வனவுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் 2010 அறிக்கை சொன்னது. மாந்திரீகப் பலிக்கான அந்த வியாபாரம் சூடுபிடிப்பது தீபாவளியை ஒட்டி, அதாவது லட்சுமி பூஜையின்போது. கேரளத்தில் காலன்கோழியைக் கேட்டவர்களோ திட்டிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். அது பாட்டுக்கு எலி பிடித்தது.