ஒரே நீதிபதி, இரண்டு சிறுமிகள்

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. பெயர் மெட். அவளுக்கு உரிமையில்லை, உடைமையில்லை. தன் உடல்கூடத் தனக்குச் சொந்தமில்லை! அமெரிக்காவின் தெற்கே, நியூ ஆர்லியன்சில் வாழ்ந்த ஸ்லேட்டர் என்பாரின் உடைமை அவள். மாட்டுக்கு ஒரு விலை, மேசைக்கு ஒரு விலை, மெட்டுக்கும் ஒரு விலை!

1836 ஆம் ஆண்டு ஸ்லேட்டரின் மனைவி, தம் தந்தை தாமஸ் ஏவ்சைக் காண வடக்கே பாஸ்டன் நகருக்கு வந்தார். மூட்டை முடிச்சுகளோடு மெட்டும் வந்தாள். அந்நகரைத் தலைநகராகக் கொண்ட மாசசூசெட்ஸ் மாநிலம், மாந்தர் அனைவரும் பிறப்பால் சமம் என்று 1780 இல் அரசியல் சட்டம் எழுதிய மாநிலம். அச்சட்டத்தைக் கொண்டே 1783 அளவில் அங்குள்ள நீதிமன்றம் அடிமைமுறையின் வேரை அறுத்தது. எனினும் தெற்கத்திச் சீமான்கள் அடிமைகளை அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோவதும் நின்றபாடில்லை. ஏட்டிலே சமத்துவம், வீட்டிலே அடிமைத்தனம்!

கேட்பார் யார்? கேட்டனர் பெண்கள்! வாக்குரிமையற்ற பெண்கள்! பாஸ்டன் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தார், சிறுமியை நீதிமன்றத்தில் நிறுத்துமாறு ஆட்கொணர் மனுவுக்கு வழி செய்தனர். எல்லிஸ் கிரே லோரிங் போன்ற வழக்கறிஞர்கள் மெட்டுக்காக வாதாடினர்.

அடிமைமுறையின் நண்பர்கள் அப்போது கண்ணீர் வடித்தனர். தாய் தெற்கே இருக்க, சேயை இங்கே பிரித்து வைப்பது கொடுமையல்லவா என்றனர். என்னே இவர்தம் இரக்கம்! தாயை ஒருவனுக்கும் சேயை வேறொருவனுக்கும் ஏலம் விடும் சந்தையைக் கண்டு கலங்காத கண்கள் அவை. பிரிவைத் தடுக்க வேண்டுமாயின் தாயையும் விடுதலை செய்திருக்கலாமே!

ஆகஸ்டில் தலைமை நீதிபதி லெமுவல் ஷா தீர்ப்பளித்தார். அடிமைமுறை இயற்கை நீதிக்கு மாறானது. அதை ஏற்கும் சட்டம் எங்குண்டோ அங்குதான் அது செல்லும். உடையவர் தாமே இம்மண்ணுக்கு அழைத்து வந்த அடிமையை, விருப்பத்திற்கு மாறாகக் கொண்டுசெல்லும் உரிமை அவருக்கில்லை. மெட் விடுதலை பெற்றாள்! ஆனால் தப்பியோடி வந்த அடிமைக்கு இத்தீர்ப்பு பொருந்தாது. அவனைப் பிடித்துத்தரச் சொன்னது நாட்டின் அரசியல் சட்டம்.

கதை இத்துடன் முடியவில்லை. 1849 இல் அதே நீதிபதியின் முன் மற்றொரு சிறுமியின் வழக்கு வந்தது. அவள் சாரா ராபர்ட்ஸ். அடிமையல்லள், சுதந்திரமான கறுப்பினக் குழந்தை. வீட்டருகே பள்ளிகள் இருந்தன, அவை வெள்ளையர்க்கு! அவற்றைக் கடந்து, கறுப்பினத்தார்க்கென ஒதுக்கிய பள்ளிக்கு அவள் நடக்க வேண்டும். தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் வழக்குத் தொடுத்தார். சார்லஸ் சம்னரும், கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிசும் வாதாடினர். ஷா என்ன சொன்னார்? பிரித்து வைப்பது முறையே என்றார்! மெட்டின் விலங்கை உடைத்த அதே பேனா, சாராவின் முகத்தில் பள்ளிக் கதவை அறைந்து சாத்தியது.

ராபர்ட்ஸ் ஓய்ந்தாரா? இல்லை. மக்களைத் திரட்டினார், மனுக்கள் திரட்டினார். 1855 இல் அம்மாநிலச் சட்டமன்றமே பள்ளிகளில் நிறப் பிரிவினையைத் தடை செய்தது. ஆயினும் ஷாவின் தீர்ப்பு மடியவில்லை. 1896 இல் நாட்டின் உச்சநீதிமன்றம் அதைச் சான்று காட்டிப் பிரிவினையை நிலைநாட்டியது. பள்ளிகளில் அக்கொள்கை வீழ 1954 வரை காத்திருக்க நேர்ந்தது.

தோழர்களே! விலங்கொடிப்பது விடுதலையின் முதற்படி. பள்ளிக் கதவைத் திறப்பது அடுத்த படி. நல்ல நீதிபதி வருவார் என்று கைகட்டி நின்றிருந்தால் மெட் மீண்டும் நியூ ஆர்லியன்சுக்கே சென்றிருப்பாள். நீதிபதி கைவிட்டார் என்று சோர்ந்திருந்தால் பாஸ்டன் பள்ளிகள் 1855 இல் திறந்திரா. தட்டியவர்கள் மக்கள். தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே திறந்தது!