அடங்க மறுத்த புரதம்

மனித உடலின் உயிரணுக்கள் தம் விருப்பம்போல் பெருகுவதில்லை. பெருகுக என்னும் செய்தி புறத்தேயிருந்து வரவேண்டும். அச்செய்தியை ஒரு புரதம் ஏற்று மற்றொன்றிடம் ஒப்படைக்கும். அஃது அடுத்ததனிடம் சேர்க்கும். இவ்வாறு கைமாறிக் கைமாறிச் செய்தி உயிரணுவின் கருவைச் சென்றடையும். பணி முடிந்ததும் அப்புரதங்கள் அடங்கிவிடும். அவற்றுள் ஒன்று அடங்க மறுத்தால் என்ன நேரும் என்பதனை அறியவும், அறிந்தபின் அதனை அடக்கவும் மருத்துவ உலகிற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன.

வரலாறு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தொடங்குகிறது. அங்கே பீட்டர் நோவெல் என்னும் ஆய்வாளர் இரத்தப் புற்றுநோய் அணுக்களை உருப்பெருக்கியில் ஆராய்ந்து வந்தார். கண்ணாடித் தகட்டை அவர் குழாய்த் தண்ணீரால் அலசியதால் அணுக்கள் ஊதிப் பருத்தன; உள்ளேயிருந்த குரோமோசோம்கள் பிரிந்து தெளிவாகத் தெரிந்தன. அவற்றை எண்ணிப் பார்க்கும் கலையில் தேர்ந்த டேவிட் ஹங்கர்போர்டு அவருடன் சேர்ந்தார். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கொண்டோரின் அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் அளவுக்கு மீறிச் சிறுத்திருப்பதை இருவரும் கண்டனர். ஏழு நோயாளரைப் பற்றிய மிகச் சுருக்கமான குறிப்பாக 1960ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. ஊரின் பெயரே அக்குரோமோசோமுக்கும் ஆயிற்று. புற்றுநோய்க்கும் மரபுப்பொருளின் கேட்டிற்கும் உள்ள தொடர்பை ஐயத்திற்கிடமின்றிக் காட்டிய முதற்சான்று அதுவே.

சிறுத்த குரோமோசோமின் எஞ்சிய பகுதி எங்கே போயிற்று? பதின்மூன்று ஆண்டுகள் அவ்வினா விடையின்றிக் கிடந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில், நான்கு ஆண்மக்களை வளர்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பணியாற்றி வந்த ஜேனட் ரௌலி என்னும் அம்மையார் விடை கண்டார். ஒளிரும் சாயமேற்றிய குரோமோசோம்களைப் படமெடுத்து, வீட்டின் உணவு மேசைமேல் அப்படங்களைக் கத்தரித்து வரிசைப்படுத்தினார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தனராம்! அவ்விளையாட்டில் பேருண்மை வெளிப்பட்டது. 22ஆம் குரோமோசோமின் துண்டு தொலையவில்லை. அது 9ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருந்தது. இரண்டும் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. 1973இல் இது வெளியானபோது பலர் பொருட்படுத்தவில்லை.

அவ்விடமாற்றத்தின் விளைவு 1980களில் விளங்கலாயிற்று. 9ஆம் குரோமோசோமிலுள்ள ஏபிஎல் என்னும் மரபணு பெயர்ந்து சென்று, 22ஆம் குரோமோசோமின் பிசிஆர் என்னும் மரபணுவோடு இணைந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து, இயற்கை ஒருபோதும் எண்ணியிராத ஒரு கலப்புப் புரதத்தைப் பிறப்பிக்கின்றன. ஏபிஎல் புரதம் கைனேஸ் வகையைச் சேர்ந்தது. ஏனைய புரதங்களிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றிச் செய்தியைக் கைமாற்றுவது அதன் தொழில். தனித்திருக்கும்போது கட்டுக்குள் நிற்கும் அது, பிசிஆரோடு கலந்தபின் இரவுபகலாக ஏவிக்கொண்டே இருக்கிறது. எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் வெள்ளமெனப் பெருகுகின்றன. 1990இல் இக்கலப்பு மரபணுவைச் சுண்டெலிகளின் மச்சையில் செலுத்தியபோது அவற்றிற்கும் அந்நோய் வந்தது. குற்றவாளி யார் என்பதில் பின்னர் ஐயம் இருக்கவில்லை.

ஆயினும் அதனை அடக்க முயல்வது வீண் என்றே பலரும் கருதினர். உடலில் நூற்றுக்கணக்கான கைனேஸ்கள் உள்ளன. அனைத்தும் ஏடிபி என்னும் ஆற்றல்பொருளை ஏறத்தாழ ஒரே வடிவுடைய பள்ளத்தில் ஏற்கின்றன. ஒன்றின் பள்ளத்தை அடைக்கும் மருந்து மற்றவற்றையும் அடைத்து நோயாளியையே கொன்றுவிடாதா என்பது அவர்தம் அச்சம். அறிவுக்கு ஒத்த அச்சந்தான், ஆனால் பிழையானது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கைகி நிறுவனத்தில் அலெக்ஸ் மாட்டர், நிக்கலஸ் லைடன் ஆகியோர் இம்முயற்சியில் இறங்கினர். வேதியியலார் யூர்க் சிம்மர்மன், வேறொரு கைனேஸுக்கென எழுந்த ஒரு மூலக்கூறை எடுத்துச் செதுக்கினார். ஒரு மெதில் தொகுதியைச் சேர்த்தவுடன் அது பழைய இலக்கை விட்டு ஏபிஎல்லைப் பற்றியது. மற்றொரு வளையத்தைச் சேர்த்ததும் நீரில் கரைந்து, வாய்வழி உட்கொள்ளத் தக்கதாயிற்று. பிரையன் டிரக்கர் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனைச் சோதித்து, நோயணுக்கள் மடிவதையும் நல்லணுக்கள் பிழைப்பதையும் கண்டார். 1996இல் அம்முடிவு வெளியிடப்பட்டது.

அவ்வாண்டே சீபா-கைகி மற்றொரு நிறுவனத்தோடு இணைந்து நோவார்ட்டிஸ் ஆயிற்று. அரிதான நோய், வாங்குவோர் சிலரே, நாய்களின் ஈரலை மருந்து தாக்கியதாகவும் சோதனை காட்டியது. நிறுவனம் தயங்கியது. டிரக்கர் விடாது வற்புறுத்தினார். 1998 ஜூனில் மனிதரிடம் முதற்சோதனை தொடங்கியது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் உட்கொண்ட 54 நோயாளருள் 53 பேருக்கு இரத்த அணுக்களின் தொகை இயல்புக்குத் திரும்பிற்று. செய்தி பரவ, மருந்தை மிகுதியாகச் செய்யுமாறு ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு நிறுவனத்திற்கு வேண்டுகோள் விடுத்தனர். 2001 மே 10ஆம் நாள், விண்ணப்பித்த மூன்று மாதத்திற்குள், அமெரிக்க அரசு இமாட்டினிப் என்னும் அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. முன்னர்ச் சில ஆண்டுகளே உயிர் வாழ்ந்த நோயாளருள், இம்மருந்தை முதலில் உட்கொண்ட தொகுதியினரில் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டு கடந்தும் வாழ்ந்தனர்.

புரதமும் சும்மா இருக்கவில்லை. சிலரிடம் அதன் 315ஆம் இடத்திலிருந்த அமினோ அமிலம் மாறியது. மருந்து பள்ளத்தில் பொருந்தாமற் போயிற்று. 2001இலேயே சார்லஸ் சாயர்ஸ் குழுவினர் இதனைக் கண்டனர். அடுத்தடுத்துப் பிற மருந்துகள் எழுந்தன. ஆயினும் இம்மாற்றத்தை வெல்லவல்ல போனாட்டினிப் 2012இல்தான் வந்தது.

விலையைப் பற்றிய போராட்டம் தமிழ் மண்ணில் நிகழ்ந்தது. இம்மருந்தின் ஒரு படிக வடிவத்திற்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் 1998இல் சென்னை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. மாதமொன்றுக்கு அதன் மருந்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்துக்கோ ஏறத்தாழ 10,000 ரூபாய். நோயாளர் பலருக்கு நிறுவனம் இலவசமாக வழங்கியதும் உண்மையே. ஆயினும் உயிர் ஒருவர் கொடையை நம்பியிருப்பது வேறு, கடையில் வாங்கவல்லதாய் இருப்பது வேறு. 2006இல் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் பின்னர் மேல்முறையீட்டு வாரியத்திலும் நிறுவனம் வெல்லவில்லை. வழக்கு டில்லி சென்றது. பழைய பொருளின் புதுவடிவம் மருத்துவப் பயனில் மேம்பட்டதென மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, 2013 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் முறையீட்டைத் தள்ளியது. இந்திய நிறுவனங்கள் அம்மருந்தைத் தொடர்ந்து செய்து விற்றன.