ஐரோப்பிய, அமெரிக்க மிதிவண்டி உடை அளவுகள்

மிதிவண்டி உடை அளவுகள் என்பவை மிதிவண்டி ஓட்டுவோர் அணியும் ஜெர்சி, காற்சட்டை, காலணி முதலியவற்றின் பருமனைக் குறிக்க உற்பத்தியாளர்கள் இடும் எழுத்துகளும் எண்களும் ஆகும். ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இவை வெவ்வேறு மரபுகளில் இருந்து வளர்ந்தன. ஆகவே எம் என்ற ஒரே எழுத்தைத் தாங்கிய இரு ஜெர்சிகள் ஒரே உடலுக்குப் பொருந்தும் என்று கொள்ள இயலாது. இத்தாலிய உடை வாங்கும்போது வழக்கமான அமெரிக்க அளவைவிட ஒரு படி பெரியதை எடுக்கவேண்டும் என்ற பொது விதி மிதிவண்டி ஓட்டுவோரிடையே வழங்குகின்றது. இவ்விதி பருத்த உடலினருக்குப் பெரும்பாலும் பொருந்தும், மெலிந்தவர்களுக்குப் பொருந்தாது. காரணம் கீழே விளக்கப்படுகின்றது.

அளவின் முக்கியத்துவம்

அன்றாடச் சட்டை இரண்டு அங்குலம் தொளதொளவென்று இருந்தாலும் கேடு இல்லை. மிதிவண்டி உடை அத்தகையது அன்று. ஓட்டுபவர் வேகமாகச் செல்லும்போது எதிர்ப்படும் காற்றுத் தடையின் பெரும்பகுதி வண்டியால் அல்ல, அவரது உடலாலேயே உண்டாகின்றது. படபடக்கும் துணி அத்தடையை மேலும் கூட்டும். ஜெர்சியின் முதுகுப்புறத்தில் உள்ள பைகளில் தண்ணீர்ப் புட்டியும் உணவும் வைத்தால், தளர்ந்த ஜெர்சி பக்கவாட்டில் தொங்கி ஆடும்.

காற்சட்டையில் இது உடல்நலம் சார்ந்த சிக்கலும் ஆகும். மிதிவண்டிக் காற்சட்டையின் உட்புறத்தில் இருக்கைக்கும் உடலுக்கும் இடையே ஒரு மெத்தைப் பட்டை தைக்கப்பட்டிருக்கும். முற்காலத்தில் இது ஷாமுவா எனப்படும் மெல்லிய தோலால் செய்யப்பட்டது. இன்று செயற்கை இழையும் நுரையும் பயன்படுகின்றன. காற்சட்டை பெரிதாக இருந்தால் இப்பட்டை உடலோடு ஒட்டாமல் நகரும், மடியும். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் முறை மிதிகட்டை சுழலும்போது அந்த மடிப்பு தோலை உராய்ந்துகொண்டே இருக்கும். விளைவு தோல் புண். நீண்ட பயணங்களைப் பாதியில் நிறுத்தவைக்கும் காரணங்களில் இப்புண்ணும் ஒன்று. காற்சட்டை சிறிதாக இருந்தால் தோள்பட்டிகள் தோளை இழுத்து அழுத்தும், தொடை விளிம்பு சதையில் பதியும்.

ஐரோப்பிய முறை

ஐரோப்பிய முறை என்று ஒருமையில் சொன்னாலும் நெடுங்காலம் அங்கு ஒரே முறை இருந்ததில்லை. ஆண்களுக்கான மேலுடைகளில் மார்புச் சுற்றளவைச் செ.மீ இல் அளந்து அதில் பாதியை அளவாக இடும் வழக்கம் பரவலானது. 96 செ.மீ மார்புக்கு அளவு 48 ஆகும். பழைய இத்தாலியக் கம்பளி ஜெர்சிகளில் 3, 4, 5 போன்ற ஒற்றை எண்களையும் காணலாம். இவற்றில் 4 என்பது சுமார் எம் அளவுக்கு ஒப்பானது.

பெண்களுக்கான எண்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. இத்தாலியில் 42 எனப்படுவது பிரான்சில் 38, செருமனியில் 36. இதனை அறியாமல் செருமனியில் 40 அணியும் ஒருவர் இத்தாலிய உடையிலும் 40 வாங்கினால் மூன்று படி சிறிய உடை கைக்கு வரும். எழுத்து அளவுகள் பரவியபின் மிதிவண்டி உடைகளில் இவ்வெண்கள் குறைந்துவிட்டன. ஆயினும் பல நிறுவனங்களின் அட்டவணைகளில் எழுத்துக்கு அருகே இன்றும் அச்சிடப்படுகின்றன. எந்த நாட்டு எண் என்று பார்த்துக்கொள்வது நன்று.

இக்குழப்பத்தைத் தீர்க்க உருவானதே ஈஎன் 13402 என்னும் ஐரோப்பியச் சீர்தரம். இதன் முதற்பகுதி 2001 இல் வெளியானது. உடையை அல்லாது உடலை அளந்து, அதனைச் செ.மீ இல், ஒரு மனித உருவப் படத்தின்மீது குறித்துக் காட்டவேண்டும் என்பது இதன் அடிப்படை. எழுத்து அளவுகளுக்கும் இது எல்லை வகுத்தது. ஆண்களுக்கு எஸ் என்பது 86 முதல் 94 வரை, எம் 94 முதல் 102 வரை, எல் 102 முதல் 110 வரை, எக்ஸ்எல் 110 முதல் 118 செ.மீ வரையான மார்புச் சுற்றளவு ஆகும். பெண்களுக்கு எஸ் 82 முதல் 90 வரை, எம் 90 முதல் 98 வரை. உடலை அளக்கும் முறைகளை உலகளவில் வரையறுக்கும் ஐஎஸ்ஓ 8559 வரிசை 2017 இல் வெளியானது. இவையாவும் விருப்பச் சீர்தரங்களே; பின்பற்றும்படி எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

அமெரிக்க முறை

ஐக்கிய அமெரிக்காவில் ஆண்களின் மேலுடை அளவு மார்புச் சுற்றளவின் அங்குலக் கணக்கே ஆகும். ஐரோப்பாவின் 48 அங்கு 38 எனப்படும். இரண்டுக்கும் இடையே எப்போதும் 10 வேறுபாடு என்ற எளிய வாய்ப்பாடு இதிலிருந்து வந்தது. கண்டிப்பான கணிதப்படி இது நடு அளவுகளில் மட்டுமே சரியாக அமையும்.

பெண்களின் அளவுகள் கதை வேறு. 1939, 1940 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக ரூத் ஓபிரையன், வில்லியம் ஷெல்ட்டன் ஆகியோர் ஏறத்தாழ 15,000 பெண்களின் உடலளவுகளைத் திரட்டி 1941 இல் வெளியிட்டனர். அதன் வழிவந்த வணிகச் சீர்தரம் 1958 இல் வந்தது. 1970 அளவில் திருத்தப்பட்டு 1983 இல் கைவிடப்பட்டது. அதன்பின் ஏஎஸ்டிஎம் அமைப்பு தன்விருப்பில் பின்பற்றத்தக்க அட்டவணைகளை வெளியிடத் தொடங்கியது. 1958 சீர்தரத்தில் 8 என்ற அளவு 31 அங்குல மார்பையும் 23.5 அங்குல இடையையும் குறித்தது. இன்று அமெரிக்கக் கடையில் 8 என்று விற்கப்படும் உடை இதைவிட மிகவும் பெரியது. வாங்குபவர் மனம் மகிழ எண்ணைக் குறைத்துக் காட்டும் இப்போக்கு புகழ்ச்சி அளவிடல் எனலாம். எழுத்து அளவுகளையும் இது விட்டுவைக்கவில்லை.

ஒப்பீடு

அமெரிக்க ஆண்களுக்கான பொதுவான அட்டவணைகளில் எஸ் 34 முதல் 36 அங்குலம், எம் 38 முதல் 40, எல் 42 முதல் 44, எக்ஸ்எல் 46 முதல் 48 என்று அமைவது வழக்கம். இவற்றைச் செ.மீ ஆக்கி ஐரோப்பியச் சீர்தரத்தோடு வைத்துப் பார்த்தால் வியப்பான ஒன்று தெரிகின்றது. எம் அளவின் நடுப்புள்ளி ஐரோப்பாவில் 98, அமெரிக்காவில் 99. ஏறத்தாழ ஒன்றே. எஸ் அளவில் ஐரோப்பா 90, அமெரிக்கா 89. அதாவது அமெரிக்க உடையே சற்றுச் சிறியது. எல் அளவில் 106க்கு எதிராக 109. எக்ஸ்எல் அளவில் 114க்கு எதிராக 119.

காரணம் படியின் உயரம். ஐரோப்பியச் சீர்தரத்தில் ஒரு படி 8 செ.மீ, அமெரிக்க வழக்கில் 4 அங்குலம், அதாவது 10 செ.மீ க்குச் சற்று மேல். ஒவ்வொரு படியிலும் 2 செ.மீ அளவில் இடைவெளி கூடிக்கொண்டே போகின்றது.

எடுத்துக்காட்டாக, 112 செ.மீ மார்புள்ள ஒருவர் ஐரோப்பாவில் எக்ஸ்எல், அமெரிக்காவில் எல். அவருக்கு ஒரு படி மேலே செல்லும் விதி சரியே. 103 செ.மீ உள்ளவர் ஐரோப்பாவில் எல். அமெரிக்க அட்டவணையிலோ எம் அளவுக்கும் எல் அளவுக்கும் நடுவே நிற்பார். 90 செ.மீ உள்ளவர் இரு இடத்திலும் எஸ். இவர் விதியை நம்பி எம் வாங்கினால் தொளதொளத்த உடைதான் கிடைக்கும்.

இது சீர்தரங்களின் கணக்கு மட்டுமே. இத்தாலிய, சுவிஸ் நிறுவனங்களின் போட்டி உடைகளில் படிகள் இன்னும் குறுகியவையாக இருப்பது வழக்கம் என்பதால் வேறுபாடு மேலும் பெருகும். ஒரே நிறுவனமே சந்தைக்கேற்ப அட்டவணையை மாற்றுவதும் உண்டு. ஏற்றுமதிக்குப் பின்னலாடை தைக்கும் திருப்பூரில் ஒரே வடிவச் சட்டை ஐரோப்பிய வாங்குநருக்கு ஓர் அட்டவணையிலும் அமெரிக்க வாங்குநருக்கு வேறோர் அட்டவணையிலும் வெட்டப்படுவதை இதனோடு ஒப்பிடலாம்.

வெட்டு

எண்களைவிடப் பெரிய வேறுபாடு வெட்டில் உள்ளது. ஐரோப்பியச் சாலைப் போட்டி மரபில் ஜெர்சி, ஓட்டுபவர் குனிந்து கைப்பிடியைப் பற்றிய நிலைக்கு வெட்டப்படுகின்றது. முன்புறம் குட்டையாகவும் முதுகுப்புறம் நீண்டும் கைகள் முன்னோக்கி வளைந்தும் இருக்கும. கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பவருக்குத் தோள் இறுக்கமாகவும் வயிறு குட்டையாகவும் தோன்றும். கடையில் பலர் ஒரு படி பெரியதைக் கேட்பதற்கு இதுவே காரணம். உண்மையில் வண்டியில் அமர்ந்த நிலையில் அணிந்து பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

அமெரிக்கச் சந்தையில் உடற்பயிற்சிக்காகவும் பொழுதுபோக்காகவும் ஓட்டுவோரை நோக்கி நேரான, தளர்ந்த வெட்டு மிகுதியாக விற்பனையானது. இன்று இரு கண்டத்து நிறுவனங்களும் போட்டி வெட்டு, தளர் வெட்டு என இரண்டையும் விற்கின்றன. ஆகவே நிறுவனத்தின் நாட்டைவிட வெட்டின் பெயரைக் கவனிப்பது பயன் தரும்.

துணியின் பங்கும் உண்டு. லைக்ரா என்ற வணிகப் பெயரால் அறியப்படும் எலாஸ்டேன் இழையை அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958 இல் உருவாக்கினார். இத்தாலியின் காஸ்டெல்லி நிறுவனம் 1977 இல் லைக்ராக் காற்சட்டையைக் கொண்டுவந்தபின் கம்பளிக் காற்சட்டை மெல்ல மறைந்தது. நீளும் துணியில் தைத்த உடை, உடலைவிடச் சிறியதாக வெட்டப்பட்டு அணியும்போது விரிகின்றது. எனவே பழைய ஜெர்சியைத் தரையில் விரித்து அளந்து, அந்த எண்ணை நிறுவனத்தின் உடலளவு அட்டவணையில் தேடுவது பிழையான விடை தரும்.

காலணியும் தலைக்கவசமும்

மிதிவண்டிக் காலணிகளில் ஐரோப்பிய எண்ணே வென்றுவிட்டது. அமெரிக்கக் கடைகளிலும் 42, 43 என்றே விற்கப்படுகின்றன. ஐரோப்பிய எண்ணின் ஒரு படி பாரிஸ் புள்ளி எனப்படும்; இது 6.67 மி.மீ. அமெரிக்க எண்ணின் ஒரு படி அங்குலத்தில் மூன்றில் ஒன்று, 8.47 மி.மீ. இரு படிகளும் சமமாக இல்லாததால் மாற்று அட்டவணைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் அரை அளவு வரை முரண்படுகின்றன. தலைக்கவசங்கள் இரு கண்டத்திலும் தலைச் சுற்றளவைச் செ.மீ இல் குறிப்பதால் இச்சிக்கல் இல்லை.

அளவு எடுத்தல்

அணிந்து பார்க்க இயலாமல் இணையத்தில் வாங்குவோர், திருப்பி அனுப்பும் செலவையும் சுங்கவரியையும் கருதி, உடலை அளந்தபின் வாங்குதல் நன்று. அக்குளுக்குக் கீழே மார்பின் பருத்த இடம், இடையின் ஒடுங்கிய இடம், இடுப்பின் அகன்ற இடம் ஆகிய மூன்றையும் மெல்லிய உள்ளாடையோடு, நாடாவை இறுக்காமல் செ.மீ இல் அளக்கவேண்டும். மார்பு ஓர் அளவையும் இடை வேறோர் அளவையும் காட்டினால், ஜெர்சிக்கு மார்பையும் காற்சட்டைக்கு இடுப்பையும் முதன்மையாகக் கொள்ளலாம். தோள்பட்டிக் காற்சட்டைக்கு உயரமும் தேவை. நெடிய மேலுடல் உள்ளவர்க்கு இடுப்பளவு பொருந்தினாலும் பட்டி குட்டையாகிவிடும்.