மூளைக்கட்டியின் இரத்தக் குழாய்க் கசிவும் நொதிகளும்

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கும். இரத்தத்தில் ஓடும் பெரும்பாலான பொருள்கள் அவற்றைத் தாண்டி மூளைக்குள் போக முடியாது. இரத்த-மூளைத் தடுப்பு எனப்படுவது இதுதான். மூளையில் புற்றுக்கட்டி வளரும்போது இந்தத் தடுப்பு ஆங்காங்கே தளர்ந்து, நீர் கசிந்து, சுற்றியுள்ள மூளை வீங்குகிறது. நோயாளியை வாட்டும் தலைவலிக்கும் வாந்திக்கும் பல சமயம் கட்டியைவிட இந்த வீக்கமே பெரிய காரணம். குழாய்ச் சுவர் எவ்வளவு கசிய வேண்டும் என்பதை முடிவு செய்வதில் நொதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

தடுப்பின் கதை சாயத்தில் தொடங்கியது. 1885-இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றினார். உடல் முழுக்க நிறம் ஏறியது, மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. மூளைத் திசு சாயத்தைப் பிடித்துவைக்காது என்று அவர் விளக்கம் சொன்னார். அது சரியன்று என்பதை அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் காட்டினார். டிரைபன் நீலத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்தியபோது மூளை நீலமானது, உடலோ நிறம் மாறவில்லை. 1967-இல் ஹார்வர்டில் தாமஸ் ரீஸ், மாரிஸ் கார்னோவ்ஸ்கி ஆகியோர் பெராக்சிடேஸ் என்ற நொதியை எலிகளின் இரத்தத்தில் விட்டு, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தார்கள். செல்களுக்கு இடையிலான இறுக்கச் சந்திப்புகளில் அது தடைப்பட்டு நின்றது.

அங்கே நொதி வெறும் தடயப்பொருள்தான். நொதியே காவல் வேலையும் செய்கிறது என்பதைக் காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் கீத் பிளாக். மிச்சிகனில் அவரும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: மனித மூளைக்கட்டிகளில் லுகோட்ரையீன் சி4 என்ற அழற்சிப் பொருள் மிகுந்திருந்தது, அதன் அளவு கூடக்கூட வீக்கமும் கூடியிருந்தது. கொழுப்பு அமிலமான அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து, லிப்பாக்சிஜினேஸ் நொதியின் வழியே உருவாகும் பொருள் இது. பிளாக் பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் இதையே எலிகளின் கழுத்துத் தமனியில் செலுத்திப் பார்த்தார். கட்டியின் குழாய்கள் கசிந்தன. பக்கத்திலேயே இருந்த நல்ல மூளையின் குழாய்கள் அசையவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? விடை காமா-குளூட்டமைல் டிரான்ஸ்பெப்டிடேஸ் என்ற நொதியில் இருந்தது. கல்லீரல் பரிசோதனை அறிக்கைகளில் 'ஜிஜிடி' என்று நாம் பார்ப்பதும் இதுவே. இயல்பான மூளை நுண்குழாய்களில் இது நிறைய உண்டு; வந்து சேரும் லுகோட்ரையீனை மாற்றி அதன் வீரியத்தைத் தணித்துவிடும். கட்டியின் குழாய்களில் இது குறைவு, அல்லது இல்லவே இல்லை. இந்த நொதியை மருந்தால் முடக்கியபோது நல்ல மூளையின் குழாய்களும் கசியத் தொடங்கின. 1994-இல் பிளாக், வில்லியம் பார்ட்ரிட்ஜ் ஆகியோர் இதற்கு 'நொதித் தடுப்பு' என்று பெயரிட்டு எழுதினார்கள். செல்களின் இறுக்கத்தை மட்டுமே காவலாக எண்ணியிருந்த துறைக்கு இது உண்மையிலேயே புதிய பார்வை.

கட்டியின் குழாயை மட்டும் திறக்க முடிந்தால் மருந்தையும் அங்கே மட்டும் அனுப்பலாம் அல்லவா? அந்த நம்பிக்கையில், குழாய்களைக் கசியவைக்கும் உடற்பொருளான பிராடிகைனினைப் போலச் செயல்படும் ஆர்எம்பி-7 என்ற மருந்து உருவானது. பிராடிகைனினை உடலின் நொதிகள் நொடிகளில் சிதைத்துவிடுவதால், அவற்றுக்குத் தாக்குப்பிடிக்கும்படி அதை வடிவமைத்தார்கள். எலிகளில் நல்ல பலன். ஆனால் கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துடன் சேர்த்து மனிதர்களுக்குக் கொடுத்த சோதனையின் முடிவு 2003-இல் வந்தபோது, கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை.

வேறொரு வகை நொதிகள் சுவரின் அடித்தளத்தையே அரிக்கின்றன. தவளைக் குஞ்சின் வால் மறையும் விதத்தை ஆராய்ந்த ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியரும் 1962-இல் கொலாஜனைச் சிதைக்கும் நொதியைக் கண்டார்கள். மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ் என்ற பெரிய குடும்பத்தின் தொடக்கம் அது. 1992-இல் கேரி ரோசன்பெர்க் குழு இக்குடும்ப நொதி ஒன்றை எலி மூளையில் செலுத்தித் தடுப்பைத் திறந்துகாட்டியது; அதன் இயற்கைத் தடுப்பானைச் சேர்த்ததும் கசிவு குறைந்தது. கிளியோபிளாஸ்டோமா போன்ற கொடிய கட்டிகளில் இதே குடும்பத்தின் 2, 9 எண் நொதிகள் மிகுந்து காணப்படுகின்றன. ஆனால் இவற்றை அடக்கும் மாரிமாஸ்டாட் மருந்து நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை.

கட்டிகள் சுரக்கும் ஒரு புரதம் குழாய்களைக் கசியவைக்கிறது என்று 1983-இல் பாஸ்டனில் டொனால்ட் செங்கரும் ஹெரால்ட் டிவோரக்கும் அறிவித்தார்கள். இன்று விஇஜிஎஃப் என வழங்கும் அப்புரதம் பற்றிக்கொள்ளும் ஏற்பியே ஒரு நொதி, டைரோசின் கைனேஸ் வகையைச் சேர்ந்தது. அது தூண்டப்பட்டால் செல்களின் பிணைப்பு தளரும். இப்புரதத்தைப் பிடித்து வைக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு, திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்காக அமெரிக்கா 2009-இல் அனுமதி கொடுத்தது. வீக்கம் வடிந்தது, அதைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டின் தேவையும் குறைந்தது. ஆனால் புதிதாக நோய் கண்டவர்களிடம் நடந்து 2014-இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில் ஆயுள் நீளவில்லை.

இந்த மருந்தால் ஸ்கேனைப் படிப்பதிலும் சிக்கல் வந்தது. எம்ஆர்ஐ படத்தில் கட்டி வெளிச்சமாகத் தெரிவதே, படம் எடுக்க இரத்தத்தில் செலுத்தும் கடோலினியம் அங்கே கசிவதால்தான். கசிவு நின்றால் வெளிச்சம் மங்கும். கட்டி சுருங்கிவிட்டது என்று தோன்றும். செல்களோ ஓசையின்றிப் பரவிக்கொண்டிருக்கலாம். அதனால் மூளைக்கட்டி சிகிச்சையின் பலனை அளக்க 2010-இல் வந்த 'ரேனோ' அளவுகோல், கடோலினியம் ஏறாத பகுதிகளையும் நோயாளியின் உடல்நிலையையும் ஸ்டீராய்டு அளவையும் சேர்த்தே மதிப்பிடச் சொன்னது.